தலையில் பட்ட அடியும் மைதானத்துக்கு வந்த மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரும்

(எமது வானொலியின் மருத்துவ உரை நேரத்தில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சனி, ஞாயிறு வந்தால் எங்கள் குடும்பங்களுக்கு ஓய்வில்லை. காலையில் தமிழ்ப் பாடசாலை, மத்தியானம் கழகத்தின் உதைபந்தாட்டப் போட்டி, பின்னேரம் சங்கீதம் அல்லது நடனம் என்று பிள்ளைகளை ஏற்றி இறக்குவதிலேயே பொழுது போய்விடும். கோடை பிறந்தால் எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் நடத்தும் சுற்றுப்போட்டிகள் வேறு. பிள்ளை விளையாடுவதைப் பார்க்கும்போது எங்களுக்கு ஒரு பெருமிதம் வரும். அந்தப் பெருமிதத்தைக் குறைப்பதற்காக நான் இன்று வரவில்லை. ஆனால் பந்துக்கு எழும்பிய இரண்டு பிள்ளைகளின் தலைகள் மோதினால் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதைப் பற்றித்தான் இன்று கதைக்கப் போகிறேன். அதோடு, அந்த ஐந்து நிமிடத்தின் பெறுமதியை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஒரு மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரின் பணியைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வைத்தியர் அல்ல. இந்த நாட்டு மருத்துவமனைகளில் வைத்தியருக்கும் எங்கள் சனங்களுக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்க்கும் வேலை செய்பவள். வைத்தியர் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டியது என் கடமை. அதில் எனக்கு மிகவும் இடைஞ்சல் தந்த சொற்களில் ஒன்று 'ஹிர்ன்எர்ஷூற்றருங்' என்ற ஜேர்மன் சொல். பிரெஞ்சுப் பகுதியில் இருப்பவர்கள் 'கொமோசியோன்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அகராதியைப் பார்த்து 'மூளை அதிர்ச்சி' என்று சொன்னால், கெட்ட செய்தி கேட்டு அதிர்ச்சியடைவதைப் போல எங்கள் ஆட்கள் விளங்கிக்கொள்கிறார்கள். "பிள்ளை பயந்து போனானா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். ஆகவே நான் 'மூளை அதிர்வு' என்று சொல்லி, மூளை உள்ளே குலுங்கிவிட்டது என்று விளக்குவேன். இந்த உரையிலும் அப்படியே சொல்கிறேன்.

மூளை ஏறக்குறைய 1.4 கிலோ எடையுள்ள மிக மிருதுவான உறுப்பு. மண்டையோட்டுக்குள்ளே ஒரு திரவத்தின் நடுவே அது இருக்கிறது. தலை வேகமாக ஓடி வந்து திடீரென்று நின்றால், அல்லது ஒரு பக்கமாகச் சடாரென்று திரும்பினால், மண்டையோடு நின்ற பிறகும் மூளை அசைகிறது. அந்த அசைவில் நரம்புக் கலங்கள் இழுபடுகின்றன. அவற்றின் உள்ளும் புறமும் இருக்கும் உப்புகளின் சமநிலை குழம்புகிறது. அதைச் சரிசெய்ய மூளைக்கு வழமையைவிடக் கூடுதல் சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து மூளைக்குப் போகும் இரத்த ஓட்டமும் குறைந்திருக்கும். இந்தக் குழப்பம் தெளிய நாட்கள் எடுக்கும், சிலருக்குக் கிழமைகள் எடுக்கும்.

சீ.ரி. ஸ்கானில் இது தெரியாது. ஸ்கான் காட்டுவது இரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். "ஸ்கானில் ஒன்றுமில்லை என்று சொல்கிறார்கள், பிறகு ஏன் இவனை விளையாட வேண்டாம் என்கிறார்கள்?" என்று கேட்காத பெற்றோரை நான் காணவில்லை. விடை இதுதான். ஸ்கானில் ஒன்றும் இல்லை என்றால் உயிராபத்தான இரத்தக்கசிவு இல்லை என்று பொருள். மூளை குணமாகிவிட்டது என்று பொருள் அல்ல. இன்னொன்றையும் கவனியுங்கள். மூளை அதிர்வு ஏற்பட்டவர்களில் பெரும்பாலானோர் நினைவிழப்பதே இல்லை. மயங்கி விழவில்லை, ஆகவே ஒன்றுமில்லை என்று நாங்கள் போடும் கணக்குப் பிழையான கணக்கு.

இனி நான் சொல்ல வந்த வைத்தியரின் கதைக்கு வருகிறேன். அவர் பெயர் பீற்றர் ஹம்லின். லண்டனில் மூளை, முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்தவர். 1991 செப்ரெம்பர் 21ஆம் திகதி இரவு, லண்டன் தொட்டென்ஹாமில் உள்ள வைற் ஹார்ட் லேன் மைதானத்தில் ஒரு குத்துச்சண்டை நடந்தது. மைக்கல் வொற்சன், கிறிஸ் யூபாங்க் என்ற இரண்டு பிரித்தானிய வீரர்கள் மோதினார்கள். பதினோராவது சுற்றில் வொற்சன் யூபாங்கை நிலத்தில் வீழ்த்தினார். எழும்பிய யூபாங்க் கீழிருந்து மேலாக ஒரு குத்து விட்டார். வொற்சனின் தலை பின்பக்கம் போய்க் கயிற்றில் அடிபட்டது. பன்னிரண்டாவது சுற்றில் நடுவர் சண்டையை நிறுத்தினார். அதன் பிறகு வொற்சன் நினைவிழந்து சரிந்தார்.

மூளையின் மேற்பரப்பில் ஓடும் சிறு நாளங்கள் அறுந்து, இரத்தம் கசிந்து திரண்டு, மூளையை நெருக்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான். சுவாசம் தடைப்படாமல் குழாய் செலுத்தி, ஒட்சிசன் கொடுத்து, நேரே மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டு போக வேண்டும். அந்த இரவில் வளையத்துக்குப் பக்கத்தில் அதற்கான கருவியோ ஆளோ இருக்கவில்லை. வைத்தியர் அவரிடம் வந்து சேரவே பல நிமிடங்கள் சென்றன. முதலாவது மருத்துவமனைக்குப் போய்ச் சேர ஏறக்குறைய அரை மணித்தியாலம் ஆனது. அங்கே மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவு இல்லை. அங்கிருந்து சென் பார்த்தலோமியூ மருத்துவமனைக்கு மாற்றினார்கள். அங்கேதான் ஹம்லின் அவரைச் சத்திரசிகிச்சை மேசையில் கண்டார்.

வொற்சன் 40 நாட்கள் ஆழ்மயக்கத்தில் கிடந்தார். அவருடைய மூளையில் ஆறு சத்திரசிகிச்சைகள் செய்தார்கள். உயிர் தப்பினார். ஆனால் ஆறு வருடங்கள் சக்கர நாற்காலியில் இருந்தார். கதைக்கவும் நடக்கவும் குழந்தையைப் போலத் திரும்பப் பழகினார்.

ஒரு சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை அத்தோடு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கலாம். ஹம்லின் அப்படி நினைக்கவில்லை. தன்னுடைய கத்திக்கு வேலை வருவதற்கு முன்பே, மைதானத்தில் கழிந்த நிமிடங்களிலேயே சேதத்தின் பெரும்பகுதி நடந்துவிட்டது என்பதை அவர் கண்டார். ஆகவே மருத்துவமனைக்கு வெளியே வந்தார். குத்துச்சண்டை நடத்துபவர்களோடும் அரசாங்கத்தோடும் கதைத்தார். வளையத்தின் பக்கத்திலேயே உயிர்காப்புக் கருவிகளும் அதைப் பாவிக்கத் தெரிந்த வைத்தியரும் இருக்க வேண்டும், கிட்டவுள்ள மூளைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து வைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1992இல் மூளை, முள்ளந்தண்டு நோயாளிகளுக்காக ஒரு அறக்கட்டளையையும் தொடக்கி வைத்தார்.

வொற்சன் பிரித்தானியக் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டுச் சபைக்கு எதிராக வழக்குப் போட்டார். அந்த வழக்கில் ஹம்லினின் மருத்துவச் சாட்சியம் முக்கியமானதாக இருந்தது. 1999இல் உயர் நீதிமன்றமும் 2000 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் வொற்சனுக்குச் சார்பாகத் தீர்ப்புக் கொடுத்தன. விளையாட்டுக்கு விதிகளை வகுக்கும் சபைக்கு, அந்த விளையாட்டில் காயப்படுபவருக்கு உடனடிச் சிகிச்சை கிடைக்க ஒழுங்கு செய்யும் பொறுப்பும் உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். இது இங்கிலாந்துச் சட்டம், சுவிஸ் சட்டம் அல்ல. என்றாலும் சுற்றுப்போட்டி நடத்தும் எங்கள் அமைப்பாளர்கள் யோசித்துப் பார்க்க வேண்டிய விடயம். கிண்ணமும் ஒலிபெருக்கியும் கொத்துரொட்டிக் கடையும் ஒழுங்கு செய்கிறோம். முதலுதவி தெரிந்த ஒருவர் மைதானத்தில் நிற்கிறாரா?

அந்த மாற்றங்களின் பலன் சீக்கிரமே தெரிந்தது. 1998 மே மாதம் லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் ஸ்பென்சர் ஒலிவர் என்ற இளம் வீரர் இதேபோலச் சரிந்தார். அவருக்கு வளையத்துக்குள்ளேயே சிகிச்சை தொடங்கியது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு அவர் குணமடைந்தார். பின்னாளில் தொலைக்காட்சியில் குத்துச்சண்டை வர்ணனையாளராக வேலை செய்தார். இரண்டு பேருடைய வாழ்க்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிமிடங்களின் விலை விளங்கும்.

2003 ஏப்ரலில் வொற்சன் லண்டன் மரதனில் கலந்துகொண்டார். மற்றவர்கள் சில மணித்தியாலங்களில் முடித்த தூரத்தை அவர் ஆறு நாட்கள் நடந்து முடித்தார். கடைசித் தூரத்தில் ஒரு பக்கம் அவருக்குச் சத்திரசிகிச்சை செய்த ஹம்லினும் மறுபக்கம் அன்று அவரோடு மோதிய யூபாங்கும் கூட நடந்தார்கள். ஹம்லின் தொடக்கிய அறக்கட்டளைக்காகவே வொற்சன் அந்தத் தூரத்தை நடந்தார். ஹம்லின் பின்னர் லண்டனில் ஒலிம்பிக் போட்டிக்குப் பிறகு உருவான விளையாட்டு, உடற்பயிற்சி மருத்துவ நிறுவனத்திலும் பணியாற்றினார். ஒரு நோயாளியின் கட்டிலருகில் தொடங்கி விளையாட்டு மருத்துவத்துக்கே வந்து சேர்ந்த பணி அவருடையது.

இது வெள்ளைக்காரரின் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 1962இல் இந்தியத் துடுப்பாட்ட அணியின் தலைவர் நாரி கொன்ராக்ரர் பார்படோசில் வேகப்பந்து ஒன்று தலையில் பட்டு மண்டையோடு உடைந்து விழுந்தார். அந்தக் காலத்தில் தலைக்கவசம் இல்லை. இரத்தம் தேவைப்பட்டபோது கொடுத்தவர்களில் ஒருவர் எதிரணித் தலைவர் பிராங்க் வொரெல். உயிர் தப்பிய கொன்ராக்ரருக்குப் பின்னர் தமிழ்நாட்டில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மண்டையில் உலோகத் தகடு பொருத்தினார்கள். 1949இல் வைத்தியர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதலாவது நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவைத் தொடங்கியது அதே வேலூரில்தான். கொன்ராக்ரர் திரும்பவும் முதல்தரப் போட்டிகளில் விளையாடினார். ஆனால் நாட்டுக்காக ஒரு ரெஸ்ற் போட்டியிலும் அதன்பின் இறங்கவில்லை.

சரி, நாங்கள் வாழும் இந்த நாட்டுக்கு வருவோம். விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்வு பற்றிய உலக வைத்தியர்களின் மாநாடு 2001இல் வியன்னாவில் தொடங்கியது. 2004இல் பிராக் நகரில் நடந்தது. 2008 நவம்பரிலும் 2012 நவம்பரிலும் எங்கள் சூரிச் நகரில் நடந்தது. சூரிச்சில் அதற்கு முன்னின்றவர் யிரி டுவோர்ஷாக். செக் நாட்டில் பிறந்தவர். சூரிச் ஷுல்தெஸ் கிளினிக்கில் முள்ளந்தண்டுப் பிரிவில் பணியாற்றிய நரம்பியல் வைத்தியர். பல வருடங்கள், 2016 வரை, உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தார். அவர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல. ஆனால் 2008 சூரிச் அறிக்கையில் கையெழுத்திட்ட ஏழு பேரில் இரண்டு பேர் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள். ஒருவர் கனடாவைச் சேர்ந்த கரன் ஜோன்ஸ்ரன் என்ற பெண் வைத்தியர். மற்றவர் அமெரிக்காவின் ரொபேர்ட் கன்ரு. அடிபட்ட வீரர் எப்போது திரும்ப விளையாடலாம் என்று 1986இலேயே வழிகாட்டல் எழுதியவர் கன்ரு.

சூரிச் மாநாடுகள் சொன்னதில் எங்களுக்கு வேண்டியதைச் சுருக்கிச் சொல்கிறேன். மூளை அதிர்வு என்று சந்தேகம் வந்தாலே வீரர் மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும். அன்றைய நாள் திரும்பி இறங்கக் கூடாது. பிள்ளைகளைப் பொறுத்தவரை 2008 அறிக்கையே இதை உறுதியாகச் சொன்னது. 2012 அறிக்கை எல்லோருக்கும் பொதுவாக்கியது. பிறகு படிப்படியாகத்தான் விளையாட்டுக்குத் திரும்ப வேண்டும். முதலில் ஓய்வு, பிறகு நடை அல்லது மெதுவான சைக்கிள், பிறகு தனியே ஓட்டம், பிறகு மோதல் இல்லாத பயிற்சி, பிறகு வைத்தியரின் சம்மதத்தோடு முழுப் பயிற்சி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலையிடியோ தலைச்சுற்றோ திரும்ப வந்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கெனத் தனியான பரிசோதனைப் படிவமும் 2012 மாநாட்டின் பயனாக வந்தது.

அதன்பின் அறிவு இன்னும் வளர்ந்திருக்கிறது. 2022இல் அம்ஸ்ரர்டாமில் நடந்த மாநாடு, இருட்டறையில் கிழமைக்கணக்காகப் படுத்திருக்கத் தேவையில்லை என்று சொன்னது. முதல் 24 முதல் 48 மணித்தியாலம் உடலையும் மூளையையும் அமைதியாக வைத்திருக்க வேண்டும். கைத்தொலைபேசியும் கணினி விளையாட்டும் அந்த நேரத்தில் குறைய வேண்டும். அதன்பின் மெதுவான நடை நல்லது. பாடசாலைக்கு முழுமையாகத் திரும்பிய பிறகுதான் முழு விளையாட்டு. வளர்ந்தவர்களுக்கு வழமையாக 10 முதல் 14 நாட்களில் சுகமாகும். பிள்ளைகளுக்கு நான்கு கிழமை வரை போகலாம்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு? மூளை ஆறுவதற்கு முன் இரண்டாவது அடி விழுந்தால், இளம் வயதினர் சிலருக்கு மூளை வேகமாக வீங்கி உயிர் போயிருக்கிறது. 1984இல் அமெரிக்க வைத்தியர்கள் இருவர் இதை விவரித்து எழுதினார்கள். இது அரிது. ஆனால் நடந்துவிட்டால் திருத்த வழியில்லை.

விதி எழுதியவர்களின் கண்முன்னேயே விதி மீறப்பட்டதும் உண்டு. 2014 யூலை 13, உலகக் கிண்ண இறுதிப் போட்டி. ஜேர்மனியின் கிறிஸ்ரொப் கிராமர் எதிரணி வீரரின் தோளில் தலை மோதி விழுந்தார். எழும்பி விளையாடினார். சற்று நேரத்தில் நடுவரிடம் போய், "இது இறுதிப் போட்டியா?" என்று கேட்டார். நடுவர் ஜேர்மன் அணிக்கு அறிவித்தார். கிராமரை வெளியே எடுத்தார்கள். எங்களில் பலர் அந்தப் போட்டியை வீட்டில் கூடியிருந்து பார்த்தோம். உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் மைதானத்தில், வைத்தியர்கள் சூழ நிற்கையிலேயே அப்படி நடக்குமென்றால், எங்கள் கிராமத்து மைதானத்தில் என்ன நடக்கும்?

அதன்பின் மாற்றங்கள் வந்தன. துடுப்பாட்டத்தில் 2019 ஓகஸ்ற் முதல், தலையில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவர் முழுமையாக விளையாடலாம். உதைபந்தாட்டத்தின் விதிகளை எழுதும் சபையும் சூரிச்சில்தான் இருக்கிறது. மூளை அதிர்வுக்கென மேலதிக மாற்று வீரரை அனுமதிக்கும் முறையை அது 2021இல் பரீட்சித்து, 2024 யூலை முதல் விதிகளில் சேர்த்தது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றும் சொல்ல முடியாது. நேர்மையாகச் சொல்ல வேண்டும். அந்த மாநாடுகளின் முக்கிய எழுத்தாளரான அவுஸ்திரேலிய வைத்தியர் போல் மக்ரோறி, மற்றவர்களின் எழுத்தைத் தன்னுடையதாக வெளியிட்டார் என்பது வெளிவந்து 2022இல் பதவி விலகினார். திரும்பத் திரும்ப அடிபடுவதால் வருடங்கள் கழித்து வரும் மூளைச் சிதைவை அந்தக் குழு போதிய அளவு கவனிக்கவில்லை என்ற விமர்சனமும் இருக்கிறது. 2019இல் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வொன்று, ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை உதைபந்தாட்ட வீரர்கள் மறதிநோய் போன்ற மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு அதிகம் என்று கண்டது. 2020இல் இங்கிலாந்து, 11 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் பந்தை அடிக்கப் பழக்க வேண்டாம் என்று வழிகாட்டல் கொடுத்தது.

இதைக் கேட்டு உடனே பிள்ளையைக் கழகத்திலிருந்து எடுத்துவிடாதீர்கள். விளையாடாமல் அறைக்குள் இருக்கும் பிள்ளைக்கு வரும் கேடுகள் வேறு. நல்ல செய்தியும் இந்த நாட்டிலிருந்தே வந்திருக்கிறது. டுவோர்ஷாக்கின் குழுவும் விபத்துக் காப்புறுதி நிறுவனமான சுவாவும் சேர்ந்து, 'பதினொன்று' என்ற பயிற்சி முறையைச் சுவிஸ் முழுவதும் பரப்பினார்கள். அதைச் செய்த அணிகளில் போட்டிக் காயங்கள் 11.5 வீதமும் பயிற்சிக் காயங்கள் 25.3 வீதமும் குறைவாக இருந்தன. பிறகு பிள்ளைகளுக்கென ஒரு பயிற்சி முறை உருவானது. சுவிஸ், ஜேர்மனி, செக், நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் பரீட்சித்து 2018இல் வெளியான முடிவின்படி, அதைச் செய்த பிள்ளைகளுக்குக் காயங்கள் 48 வீதம் குறைந்தன. ஒற்றைக்காலில் நிற்பது, சமநிலையோடு குதிப்பது, விழும்போது உருண்டு விழுவது போன்ற சின்னச் சின்னப் பயிற்சிகள்தான். பணம் செலவில்லை. உங்கள் பிள்ளையின் பயிற்சியாளரிடம் "இதைச் செய்கிறீர்களா?" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நேயர்களே, இனி எங்கள் வீட்டுக்குள் வருகிறேன். எங்கள் பிள்ளைகள் அடிபட்டதை மறைக்கிறார்கள். இது நான் பல வருடங்களாகக் காணும் உண்மை. சொன்னால் அம்மா விளையாட விடமாட்டா என்ற பயம் ஒரு பக்கம். அணியில் இடம் போய்விடும் என்ற பயம் மறுபக்கம். அப்பா இரவு வேலை முடிந்து வந்து படுத்திருக்கிறார், எழுப்பக்கூடாது என்ற இரக்கம் இன்னொரு பக்கம். மூன்றாம் நாள் வகுப்பில் எழுத்து மங்குகிறது, வெளிச்சம் கூசுகிறது, சத்தம் எரிச்சலூட்டுகிறது. வீட்டில் "படிக்கப் பஞ்சி, அதுதான் தலையிடி என்கிறான்" என்று ஏச்சு விழுகிறது. பிள்ளை காரணமில்லாமல் கோபப்பட்டால், படித்ததை மறந்தால், நித்திரை குழம்பினால், சமீபத்தில் தலையில் அடிபட்டதா என்று ஒருமுறை ஆறுதலாகக் கேளுங்கள்.

இன்னொரு விடயம். மருத்துவமனைக்குப் போகும்போது அடிபட்ட பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதீர்கள். விளையாட வேண்டும் என்ற ஆசையுள்ள பிள்ளை, "எப்போதாவது தலையிடிக்கிறதா?" என்ற கேள்வியை உங்களிடம் முழுமையாகச் சேர்க்காது. மூத்த பிள்ளைக்கும் அந்தப் பாரம் வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் தேவை என்று கேளுங்கள். கேட்பது வெட்கம் இல்லை.

அவசரமாகக் கவனிக்க வேண்டிய அறிகுறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தலையிடி நேரம் போகப்போகக் கூடுதல், திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் சோர்தல், பேச்சுக் குழறல், இரண்டு கண்மணிகளும் அளவில் வேறுபடுதல், மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் அல்லது இரத்தம் வடிதல், கழுத்து எலும்பில் கடும் நோவு. இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்க வேண்டாம், 144க்கு அழையுங்கள். கழுத்து நோகிறது என்றால் பிள்ளையைத் தூக்கி நிமிர்த்த வேண்டாம். அடிபட்டவர் முதலில் தெளிவாகக் கதைத்துவிட்டுப் பிறகு சில மணித்தியாலங்களில் மயங்குவதும் உண்டு. அதனால் முதல் நாள் இரவு தனியே விடாதீர்கள்.

செலவை நினைத்துத் தயங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளின் விபத்துச் செலவு அவர்களின் மருத்துவக் காப்புறுதியிலேயே அடங்கும். தொழில் பழகும் பிள்ளைகளும் ஒரு முதலாளியிடம் கிழமைக்கு எட்டு மணித்தியாலமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களும் வேலைத்தலத்தினூடாக, ஓய்வுநேர விபத்துக்கும் காப்புறுதி பெற்றிருக்கிறார்கள். ஆகவே விபத்து நடந்தால் முதலாளிக்கு உடனே அறிவியுங்கள். அறிவித்ததற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

முடிப்பதற்கு முன், பிள்ளையை வைத்தியராக்க ஆசைப்படும் பெற்றோருக்காகச் சில வார்த்தைகள். அந்த ஆசை இல்லாத தமிழ் வீடு குறைவு. மூளைச் சத்திரசிகிச்சை என்றால் இந்த நாட்டில் பாதை நீளமானது. மத்தூரா முடித்து, பாசல், பேர்ண், சூரிச் போன்ற இடங்களில் தெரிவுப் பரீட்சை எழுதி, ஆறு வருடம் மருத்துவம் படித்து, அதன்மேல் ஆறு வருடம் சிறப்புப் பயிற்சி. சூரிச்சின் மூளைச் சத்திரசிகிச்சையை உலகம் அறியச் செய்த காசி யாசார்கில் இந்த நாட்டில் பிறந்தவர் அல்ல. 1925இல் துருக்கியின் லிஜே என்ற சிறிய ஊரில் பிறந்து, பாசலில் படித்தவர். நுணுக்குக்காட்டியின் கீழ் மூளைச் சத்திரசிகிச்சை செய்யும் முறையை வளர்த்தவர். 2025இல் தனது 99ஆவது வயதில் காலமானார். வந்த இடத்தில் வேரூன்றியவர்களுக்கு அவர் ஒரு சாட்சி.

ஆனால் வொற்சனின் கதையைத் திரும்பவும் யோசித்துப் பாருங்கள். அன்று இரவு முதலில் தேவைப்பட்டவர் சத்திரசிகிச்சை நிபுணர் அல்ல, வளையத்தின் அருகில் சுவாசத்தைக் காப்பாற்றக்கூடிய ஒருவர். பிறகு அம்புலன்ஸ் ஊழியர். சத்திரசிகிச்சைக்குப் பின் வருடக்கணக்காகத் தாதியர், நடக்கப் பழக்கிய உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர். அவசர மீட்புப் பணியாளராகவோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளராகவோ வர விரும்பும் பிள்ளையிடம் "வைத்தியராக வர ஏலாதோ?" என்று கேட்டு மனதை உடைக்காதீர்கள். உயிர் காக்கும் சங்கிலியில் அவர்களும் ஒரு கண்ணி. உங்கள் பிள்ளை 'யூகென்ட் ஊன்ட் ஸ்போர்ட்' பயிற்சியாளர் வகுப்புக்குப் போக விரும்பினாலும் அனுப்பி வையுங்கள். எங்கள் மைதானங்களுக்குத் தமிழும் ஜேர்மனும் தெரிந்த பயிற்சியாளர்கள் வேண்டும்.

இந்தக் கோடைச் சுற்றுப்போட்டிகளை நடத்தவிருக்கும் சங்கங்களிடம் மூன்று வேண்டுகோள். மைதானத்தின் முகவரியைப் பெரிதாக எழுதி ஒலிபெருக்கி மேசையில் வையுங்கள், 144க்கு அழைப்பவர் தடுமாறாமல் சொல்ல உதவும். முதலுதவி பயின்ற ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். தலையில் அடிபட்ட வீரர் அன்று முழுவதும் திரும்ப இறங்கமாட்டார் என்ற விதியை முதல் போட்டிக்கு முன்பே எல்லா அணிகளுக்கும் அறிவியுங்கள். அப்படி அறிவித்தால், அரையிறுதியில் தோற்றுக்கொண்டிருக்கும்போது எந்தத் தகப்பனும் எந்தப் பயிற்சியாளரும் அந்தப் பிள்ளையைப் பார்த்து "கொஞ்ச நேரம் ஏலுமோ?" என்று கேட்க வேண்டி வராது.

பிள்ளைகள் விளையாடட்டும், சுகமாக வீடு திரும்பட்டும்.